பெண் அழுகை, பொது

அன்புள்ள வீணா,

உன் அம்மா வீட்டுப் பக்கமும் மழையா? இங்கே தொம்மலூரில் மறுபடி வெள்ளம். சேனலில் மறுபடி, "அந்த லேடி அழுற பழைய விஷுவல் போடு குரு" என்றார்கள். அது நீ என்று அவர்களுக்குத் தெரியாது.

நம் அனுஷாவைக் கால்வாய் இழுத்துக்கொண்டு போன அன்று, "நியூஸ்ல இருக்கறவருக்கு மொதல்ல தெரியலையா?" என்று கேட்டாய். இதோ இப்போது சொல்கிறேன்.

தகவல் சொல்லிப் போன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நீ என் திரையில் வந்துவிட்டாய். நாற்பது காட்சிகளுக்குப் பெயர் போடும் அவசரம் எனக்கு. துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாய். "பெண் அழுகை, பொது" என்று அடித்துவிட்டு அடுத்ததைத் திறந்தேன்.

இன்று அந்த விஷுவலை அழித்துவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

அந்தத் துப்பட்டா நான் வாங்கிக் கொடுத்தது.

அவளுடைய அப்பா