கிளட்ச் இல்லாத வண்டி எனக்கு வேண்டாம்

ஓடைப்பட்டி,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சுபாஸ்ரீக்கு அம்மா சுப்புத்தாய் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், பந்தலில் திராட்சைக் கொடி சுகம், மூலையில் உட்கார்ந்திருக்கிற புதுக் கம்ப்யூட்டரும் சுகம். அதன் சுகத்தை நீ விசாரிக்க மாட்டாய் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிட்டேன். ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் விறைத்துப் போகாமல் சுகமாக இருக்க வீரபாண்டி கௌமாரியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்கிறாய், போன தடவை நான் வாயைத் திறக்கும் முன்னால் வைத்தும் விட்டாய். கடுதாசி என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுத்தான் ஆக வேண்டும், அதற்காகத்தான். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள், ஐந்தாம் வகுப்போடு என்னைக் காட்டு வேலைக்கு அனுப்பிய உன் தாத்தா மேலோகத்தில் இருக்கிறார், அவரிடம் போய்க் கேள்.

நீ சொன்னது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஏம்மா, அம்பது வயசுல கேம் ஆடுறேன்னு கம்ப்யூட்டர் சாமான் வாங்கியிருக்கியே, ஊரு சிரிக்காதா, பொங்கலுக்கு என் மாமியாரும் மாமனாரும் நம்ம வீட்டுக்கு வர்றாக, அவுக கண்ணுல படுறதுக்குள்ள கடையில திருப்பிக் குடுத்துரு, இல்லாட்டி போர்வையப் போட்டு மூடி வை என்றாய். ஊர் சிரிக்கட்டும் தாயி. நான் டிராக்டர் ஓட்டப் பழகியபோதும் இந்த ஊர் சிரித்தது. சிரித்த ஊர்தான் பிறகு, சுப்புத்தாயி, எங்க காட்டுலயும் ஒரு ஓட்டு ஓட்டிக் குடேன் என்று வாசலில் வந்து நின்றது. போன வருசம் அந்த டிராக்டரிலிருந்து வழுக்கி விழுந்து இடது இடுப்பு எலும்பு உடைந்தது உனக்குத் தெரியும். இனி டிராக்டரில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார், சரி. ஆனால் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்க்கிறேன், டிராக்டர் நின்ற இடத்தில் கோழி மேய்கிறது. உன் அப்பாவும் அம்மாவாசிப் பெரியப்பாவும் பேசி விற்றுவிட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பயந்துவிட்டார்கள். என்றாலும் ஓட்டினவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா. அதிலிருந்து நான் நாற்காலி. பழம் பறிக்க வருகிற பெண்டுகள்கூட, நீ உக்காரு மதினி, நாங்க பாத்துக்குறோம் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தருகிற பெண், காலில் பலம் வர இடது காலால் சுவரை அமுக்கச் சொன்னது. அமுக்கி அமுக்கி எனக்கும் அலுத்துப் போனது, சுவருக்கும் அலுத்துப் போனது. அப்போதுதான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒருத்தன் வீட்டுக்குள் உட்கார்ந்து, கையில் ஸ்டியரிங், காலடியில் பெடல், முன்னால் திரையில் ஒரு பெரிய லாரியை மலைச்சாலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் ஆட்டை விற்ற காசு, என் இஷ்டம். ரெடிமேடாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன், அதில் சீரியல் பாரு என்றாயே, சீரியல் பார்க்க எனக்கு இடுப்பே தேவையில்லையே.

அல்லிநகரத்தில் வினோத்ராஜ் கடை என்று ஒன்று. சாமான்களைத் தனித்தனியாகத் தருவான், நாமே மாட்டிக்கொள்ளலாம். நான் போய் நின்றதும், வாங்கம்மா, பையன் என்ன கேம் ஆடுவான் என்று கேட்டான். பையன் நான்தாம்பா என்றேன். பாவம், குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. உன் அப்பா எனக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி வாசலில் போய் நின்று பஸ் போவதைப் பார்த்தார். முதலில் கண்ணாடி வைத்த ஒரு பெட்டியைக் காட்டினான், உள்ளே பச்சையும் சிவப்புமாக விளக்கு எரிகிறது. திருவிழா லைட்டுச் செட்டு எனக்கு வீரபாண்டியில் வருசம் ஒருதரம் பார்த்தால் போதும், விளக்கில்லாத பெட்டியைக் கொடு, அந்தக் காசை உள்ளே போடு என்றேன். பழப்பெட்டியில் மேலே நல்ல குலையை வைத்து அடியில் உதிரியை நிரப்புகிற ஆட்களோடு எத்தனை வருசம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அப்படியே நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்ளாதே. எல்லாச் சாமானையும் மாட்டுகிற போர்டில் ஒன்றைப் பார்த்து நிறம் நன்றாக இருக்கிறது, இதையே கொடு என்றேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆத்தா, நீங்க எடுத்த பிராசசர் இந்த போர்டுல உக்காராது, பொருத்தம் பாக்காம முடிச்சா நாளைக்கு ரெண்டும் பேசாது என்றான். உடனே எனக்கு உன் நினைப்புத்தான் வந்தது. உனக்குப் பார்த்த ஜாதகம் ஒன்றும் பொருந்தாமல், நீயாக ஒருத்தரைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினாயே, அன்றைக்கும் ஊர் சிரித்தது. பெரியப்பா மூன்று மாதம் நம் வீட்டுப் பக்கம் தலை வைக்கவில்லை. அன்றைக்கு அவரை மூடி வை என்று நான் உன்னிடம் சொன்னேனா? இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன், போ.

படம் காட்டுகிற கார்டுக்குத்தான் அதிகம் கொடுத்தேன், பவர் சப்ளையையும் மட்டமாக வாங்கவில்லை. காலையில் எல்லாக் காட்டு மோட்டாரும் ஓடத் தொடங்கினால் நம் வீட்டுப் பல்பு மினுக்குவது உனக்கு மறந்திருக்காது. பெரிய சண்டை ஸ்டியரிங் வாங்கும்போதுதான் வந்தது. ரெண்டு பெடல் போதும்டி, கியரை அதுவே போட்டுக்கும், இடுப்பு ஒடஞ்சு, மிதிக்க முடியாத எடது காலை வச்சுக்கிட்டு ஒனக்கு எதுக்குடி கிளட்ச் என்று உன் அப்பா கடைக்குள் வந்தே சத்தம் போட்டார். அதுவரைக்கும் பஸ் பார்த்த மனிதர். நீயும் போனில் அதையேதான் சொன்னாய், ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களோ என்னவோ. கிளட்ச் இல்லாத வண்டி எனக்கு வேண்டாம், மூணு பெடல் இல்லாவிட்டால் கிளம்புங்கள் போவோம் என்றேன். வினோத்ராஜ் உள்ளே போய் மூணு பெடலை எடுத்துவந்தான்.

இனிமேல்தான் நீ சிரிக்க வேண்டிய இடம். அன்றைக்கு ஆயுத பூஜை. புதுச் சாமானுக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் என்றைக்கு வேலை ஆரம்பித்திருக்கிறோம்? பம்புசெட்டுக்கு, மருந்தடிக்கிற மெசினுக்கு, கொடியைக் கவாத்து வெட்டுகிற கத்தரிக்கு எல்லாம் வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் சாமானைத் தாம்பாளத்தில் சீர்வரிசை மாதிரிப் பரப்பி ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன். பிராசசர் நெற்றியில் ஒரு பசையைப் பட்டாணி அளவு வைக்கச் சொல்லி வினோத்ராஜே ஒரு ட்யூப் கொடுத்திருந்தான். அவன் பசை வைக்கலாம், நான் சந்தனம் வைக்கக்கூடாதா என்று நினைத்துவிட்டேன். போர்டின் நடுவில் பிராசசர் உட்காருகிற குழி இருக்கிறது பார், அதில் முடி மாதிரிச் சின்னச் சின்னக் கம்பி. அங்கேதான் கை நிறையக் குங்குமம் கொட்டிவிட்டது. ஊதிவிட்டு, வீடியோ பார்த்து எல்லாவற்றையும் மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை, கருப்பு. பெரியப்பா பூஜைப் பொரியை மென்றுகொண்டே, நாந்தேன் அன்னைக்கே சொன்னேன்ல, கெழவிக்கு எதுக்கு வெளையாட்டுச் சாமான் என்றார். உன் அப்பா காலி அட்டைப்பெட்டிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார், அதுதான் வலித்தது. அந்த ராத்திரி திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிசம் நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். நாற்காலியை விட்டு எழும்போது இடது கால் மடங்கியது. சுவரால் ஆகாத இந்தக் காலுக்குக் கிளட்ச்தான் மருந்து என்று அப்போதே அந்த நினைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

மறுநாள் போர்டைத் துணியில் சுற்றிக்கொண்டு அல்லிநகரம் போனேன். வினோத்ராஜ் லென்சு வைத்துப் பார்த்துவிட்டு, ஆத்தா, இது போர்டா கோயில் உண்டியலா என்று கேட்டான். ஸ்பிரிட்டு விட்டுப் பிரஷால் மெல்ல மெல்லத் தட்டி எடுத்தான், மடங்கியிருந்த ஒரு கம்பியை ஊசியால் நிமிர்த்தினான். நானே மாட்டி ஓட வச்சுக் குடுத்துரவா என்றான். கழுவிக் கொடுத்தது போதும்பா, மாட்டுறது என் வேலை என்று வாங்கிக்கொண்டு வந்து, முதலிலிருந்து மாட்டினேன். திரையில் வெளிச்சம் வந்ததும் உன் அப்பா என்னை முந்திக்கொண்டு கை தட்டினார், பிறகு கொசு அடித்த மாதிரி நடித்தார். இப்போதும் பொட்டு உண்டு, பெட்டிக்கு வெளியே. அதை யார் சொன்னாலும் அழிக்க மாட்டேன்.

அந்த லாரி கேமில் உன் நாட்டு ரோடுதான் வருகிறது. எல்லாரும் வலது பக்கமாகப் போகிறார்கள், தெரியாமல் முதல் நாள் எதிரே வந்த ஜெர்மனிக்காரன் அத்தனை பேரையும் திட்டித் தீர்த்துவிட்டேன். கிளட்சை மிதித்தால் கால் பாதியில் நின்றுவிடும், லாரி உதறி அணைந்துவிடும். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஏத்து, மிதி, இன்னும் மிதி என்று வண்டி மாடு பத்துகிற மாதிரிச் சத்தம் போடுவார். நேற்றுப் பொழுது சாய ஓட்டிக்கொண்டு போகும்போது ஒரு பெயர்ப் பலகை வந்தது. எனக்கு இங்கிலீசு வாசிக்க வராது, ஆனால் அந்தப் பெயர் தெரியும். உனக்குப் பார்சல் அனுப்பும்போதெல்லாம் எழுத்தெழுத்தாக வரைந்து பழகின பெயர், ஹாம்பர்க். ஊருக்குள் சிக்னல் விழுந்தது. மிதித்தேன். கால் தரை வரைக்கும் போய்விட்டது தாயி. வண்டி அணையாமல் நின்றது. உன் அப்பா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஹாரனை அமுக்கினேன், ரொம்ப நேரம் அமுக்கினேன். உனக்குக் கேட்டிருக்கும்.

அதனால் திருப்பிக் கொடுக்கிற பேச்சு இனி வேண்டாம், பொங்கலுக்குப் போர்வை போட்டு மூடவும் மாட்டேன். சம்பந்தியம்மா ஆசைப்பட்டால் அவுகளுக்கும் ஒரு சுற்றுத் தருவேன், கிளட்ச் மட்டும் பழகிக்கொண்டு வரச் சொல். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், மனசு ஒத்து, கௌமாரி துணையோடு நல்லா இருங்கள். உலர்ந்த திராட்சை தனிப் பொட்டலத்தில் வருகிறது, ஆபீசில் பங்கு வைத்துத் தீர்த்துவிடாதே. காதை மூடித் தொப்பி போடு. ஹாரன் கேட்க மட்டும் கொஞ்சம் திறந்து வை.

இப்படிக்கு,
இடது காலில் இன்னும் வலி இருக்கிற, ஆனாலும் மிதிக்கிற,
உன் அம்மா
ஒ. சுப்புத்தாய்