பொன்முடியில் முள்ளம்பன்றி வளை

1952 ஜனவரி 9, புதன்

மூடுபனி. எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் பின்னால் நான் போட்ட மரச்சீனி போச்சு. செடியின் அடியைத் தோண்டிக் கிழங்கைக் கரம்பித் தின்றிருக்கிறது. காட்டுப்பன்றி என்றே நினைத்தேன். ஈர மண்ணில் சிறிய கால்தடம். கூடவே விளக்குமாற்றை இழுத்த மாதிரிக் கீறல். வேலியோரம் ஒரு முள், சாண் நீளம், கறுப்பும் வெள்ளையும். முள்ளம்பன்றி.

கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் ஏசுவடியான் தோட்டமும் காலி. அவன் மனைவி செல்லம்மா இருமல் மருந்துக்கு வந்தாள். மாசமாக இருக்கிறாள். "இந்த மாசக் கஞ்சிக்கு அந்தக் கிழங்கத்தான் சாரே நம்பியிருந்தோம்."

டிங்சர் தீர்ந்தது. எழுதிப் போட வேண்டும்.

ஜன. 10

ஏசுவடியானும் கங்காணியும் லயத்து ஆட்களுமாகத் தடம் பார்த்துப் போனோம். மரத்தடியில் பட்டை உரிந்து பல் பதிந்திருந்தது. ஈச்சங்கொட்டை மாதிரிப் புழுக்கை. பாறைச் சரிவில் வளை. வாசலில் மாட்டுத் தொடையெலும்பு ஒன்று, உளியால் செதுக்கியது போலக் கடிபட்டு.

ஏசுவடியானின் நாய் உள்ளே பாய்ந்தது. அந்தச் சத்தம் இப்போதும் காதில். ஊர்ந்து வெளியே வந்தபோது தொண்டையில் முள். அவன் மடியில் தலைவைத்துச் செத்தது.

கங்காணி வேலாயுதம் சிரித்தான். "கிழங்கும் போச்சு, நாயும் போச்சு. உள்ள போகப் பேடியாலே உனக்கு? பொண்டாட்டி சேலைய வாங்கி உடுத்துக்க."

ஏசுவடியான் காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, வெட்டுக்கத்தியோடு உள்ளே நுழைந்தான். இடுப்பு மறைந்ததும் கங்காணி மேலே ஏறி, வளையின் மறுவாயில் சருகைத் திணித்துத் தீ வைத்தான்.

"ஆளு உள்ள இருக்கான், என்னவே செய்யீரு!" என்று கத்தினேன்.

"புகை போனாத்தான் சாரே அது எறங்கும்."

இறங்கியது. முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் முகத்தின் மேலேயே.

கயிற்றை இழுத்தோம். கன்னம், உதடு, நெற்றி எல்லாம் முள். இடது கண்ணில் ஒன்று, ஆழமாக. கண்முள்ளை நான் தொடவில்லை. மற்றதைப் பிடுங்கினேன். நாலு பேர் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். தேயிலை லாரியில் போட்டு அனுப்பினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவன் அலறியது மேலே வரை கேட்டது.

சட்டையில் ரத்தம்.

ஜன. 12

வெயில். திருவனந்தபுரம் பெரியாஸ்பத்திரியில் இருந்து லாரி டிரைவர் சேதி கொண்டுவந்தான். கண்ணை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை.

இங்கே கங்காணி ஆள் வைத்து வளையை வெட்டித் திறந்தான். தாய், இரண்டு குட்டி. குட்டிகளுக்கு முள் இன்னும் முற்றவில்லை. மண்வெட்டியால் அடித்தே கொன்றார்கள். லயம் முழுக்க இறைச்சி வாசம். எனக்கும் பங்கு வந்தது. வேண்டாம் என்றேன்.

ஜன. 13, ஞாயிறு

காலையில் வேலாயுதத்தைத் தாங்கிக் கொண்டுவந்தார்கள். வலது முன்கை முறிந்து தொங்குகிறது. செல்லம்மா வீட்டுக்கு இலையில் இறைச்சி கொண்டுபோய், "உம்புருசன் பங்கு" என்று நீட்டியிருக்கிறான். உலக்கையால் ஒரே அடி.

அவளும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். உலக்கையைக் கீழே வைக்கவில்லை.

"இவள லயத்த விட்டே எறக்குவேன். தொரைகிட்ட நீங்க சாட்சி சொல்லணும் சாரே" என்றான்.

"சொல்லுதேன். நீரு தீ வச்சதுல இருந்து சொல்லுதேன்."

கட்டுப் போடக் கையை மேசைமேல் வைத்தான். செல்லம்மா என்னைப் பார்த்தாள். "கட்டு போட்டு முடிங்க சாரே. இன்னொரு கை இருக்கு."

மூங்கில் பத்தையை வைத்து எலும்பை நேராக்கினேன். கத்தினான். மெதுவாகச் செய்திருக்கலாம். செய்யவில்லை.