வாசலில் நகர்ந்து நின்றது

குட்டி,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடி இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு. நானும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

நீ வந்த அன்று வாசலில் என்னைக் கட்டிக்கொள்ள வந்தாய். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். “இன்னும் கோவம் போகலையாம்மா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய் அழுதாய். கோபம் இருக்கத்தான் செய்கிறது. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவளிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் நகர்ந்தது அதனால் இல்லை.

எனக்கு மார்பில் புற்றுநோய். வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்க முந்தின நாள்தான் ஊசி போட்டிருந்தார்கள். கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியாம். அதில் கொஞ்சம் கதிரியக்கம் ஏற்றியிருக்கிறார்கள். அது எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறதோ அந்த இடமெல்லாம் ஸ்கேனில் தெரியும். போய்ச் சேரச் சில நாள் ஆகும் என்பதால் இன்றைக்குத்தான் படம் எடுக்கிறார்கள்.

“மாசமா இருக்கறவங்க கிட்டவே போயிடாதீங்க” என்று நர்ஸ் கண்டித்துச் சொல்லியிருந்தாள். அப்படி யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் வயிறும் பெட்டியுமாக நீ நிற்கிறாய். அந்த நேரத்தில் உன்னிடம் என்னவென்று சொல்வேன்?

அம்மா

இரும்பு மாத்திரையை மறக்காதே.

நேற்று குழந்தை உதைக்கிறது என்று கூப்பிட்டாய். கேட்காத மாதிரி அறைக்குள்ளேயே இருந்தேன். இன்னும் சில நாள் இப்படித்தான். படத்தில் என்ன தெரிந்தாலும் சரி, அதற்கப்புறம் கை வைத்துப் பார்க்கத்தான் போகிறேன்.