உன் கரகரப்பு இப்போது இவளிடம்

என் ஸ்டெல்லாக்கா,

நீ இருக்கும் இடத்தில் நான் பேசுவது கேட்கும் என்று நான் நம்பவில்லை. கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள், என்னைத்தான் உனக்குத் தெரியுமே. இருந்தாலும் இந்தப் பயத்தைச் சொல்ல வேறு ஆளில்லை.

என் மகள் நான்சி பாடுகிறாள். உன் மடியில் உட்கார்ந்து மைக்கைக் கடித்தவளேதான். வருகிற சனிக்கிழமை, துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர்களுக்கு ஒரு பனியன் கம்பெனி கொடுக்கும் விருந்தில் அவளுடைய ஜாஸ் கச்சேரி. நீ பாடிய பாட்டுகள்தான். ஒத்திகைக்கு வந்திருந்த முதலாளியின் மனைவி, "கண்ண மூடிட்டுக் கேட்டா உங்கக்காவேதானுங்க மேடம். அந்தக் கரகரப்புகூட அப்படியே வந்திருச்சுங்க" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை.

அந்தக் கரகரப்பு உன்னுடையதே இல்லையே, அக்கா. மண்ணரையில் இருந்த நம் வீட்டில், கீழே பனியன் யூனிட்டில் தையல் மெஷின்கள் இரைய, மாடியில் நீ பாடிப் பழகினாய். இரைச்சலோடு மோதக்கூடாது, அதுக்கு அடியில போகணும் என்பாய். திருவிழா மேடைகளில் ஆண்குரலும் பெண்குரலும் நீயே பாடினாய். பெங்களூரு ஓட்டலில் ஜாஸ், நாடகத்தில் பல்லில்லாத கிழவி. அத்தனையிலும் கணீரென்ற குரல். கரகரப்பு வந்தது கடைசி இரண்டு வருடம்தான். கேட்டவர்கள் அதற்குத்தான் அதிகம் கைதட்டினார்கள். நீயும் அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டு மேடை ஏறினாய். டாக்டர் தொண்டைக்குள் பார்த்தபோது புற்று முற்றிப்போயிருந்தது.

நான்சி உன்னைக் கற்றுக்கொண்டது செல்போன் வீடியோக்களிலிருந்து. எல்லாமே அந்தக் கடைசிக் காலத்தவை. பாவனையாக இருக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை குளியலறையிலிருந்து துண்டு கேட்டாள். அதே கரகரப்பு. துண்டு கேட்க யாராவது பாவனை செய்வார்களா? அவள் பையில் அதிமதுரக் குச்சியும் இருந்தது.

டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"சனிக்கிழமை முடியட்டும்மா. இப்பப் போனா பேசவே கூடாதும்பாங்க. பெரியம்மா குரல் வந்திருச்சுன்னு ஊரே சொல்லுது, உனக்கு மட்டும் என்ன?"

நான் வாதாடவில்லை. இளவயதில் சர்ச் பாடகர் குழுவில் நீ தனியாகப் பாடிய கேசட்டைத் தேடியெடுத்து, பழைய டேப் ரெக்கார்டரில் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நல்லாருக்கே. யாரும்மா இது?"

"உன் பெரியம்மா."

பாட்டு முடியும்வரை கேட்டாள். கை தொண்டைக்குப் போயிருந்தது. பிறகு, முழுங்கினா வலிக்குதும்மா என்றாள். கொஞ்ச நாளாவே.

நாளைக் காலை போகிறோம். வெறும் வீக்கமாக இருக்கலாம், சின்ன வயதுதானே. ஓயாமல் பாடினாலே இப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன். உனக்கும் முதலில் அப்படித்தானே சொன்னார்கள்?

சனிக்கிழமை மேடை காலியாகக் கிடந்தாலும் கிடக்கட்டும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவளை மைக் பக்கம் விட மாட்டேன், அக்கா. இது நான் உனக்குத் தரும் வாக்கு. அதன் பிறகு அவள் பாடினால் முதல் வரிசையில் இருப்பேன். கைதட்டும் முன், வலிக்கிறதா என்று கேட்பேன்.

உன் கூடப்பிறந்தவள், நான்சியின் அம்மா,
ரோஸ்லின்