ஐந்தாவது ஆள்

ஜூலை 8

இன்று பள்ளியின் க்ராஸ் கன்ட்ரி ஓட்ட அணியில் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்பதைவிட, தங்கை பிடித்துத் தள்ளினாள் என்பதே சரி. வீட்டில் அவளைக் குருவி என்போம். ஒன்பதாவது படிக்கிறாள், அணியிலேயே வேகமானவள். ஏழு பேர் வேண்டும், ஆறு பேர்தான் தேறியிருந்தார்கள். "நீ சும்மா வந்து நின்னா போதும்க்கா" என்றாள்.

மைதானத்தைச் சுற்றி வருவதல்ல இது. புல்வெளி, சேறு, கல், கடைசியில் தண்ணீர்த் தொட்டி மேடு. எடுத்த எடுப்பிலேயே பறந்தேன். மேட்டடியில் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். பி.டி. மிஸ் தண்ணீர் கொடுத்து, "பேசிக்கிட்டே ஓட முடியணும். பேச்சு நின்னா வேகத்தைக் குறை" என்றார்.

"பேசறதுன்னா அக்கா ராத்திரி வரைக்கும் ஓடுவா மிஸ்" என்றாள் குருவி.

ஜூலை 9

தொடை வலியில் படி இறங்க முடியவில்லை. பின்பக்கமாகத் திரும்பி இறங்கினேன். அம்மா பார்த்துவிட்டாள்.

ஜூலை 26

மிஸ் கணக்கு சொன்னார். முதலில் வருபவருக்கு ஒரு புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு, இப்படியே. அணியில் முதல் ஐந்து பேரின் புள்ளிகளைக் கூட்டுவார்கள்; குறைவாக வந்தால் வெற்றி. நான் ஆறாவது. என் புள்ளி யாருக்கும் வேண்டாம். அப்பாடா.

காலையில் புல் நனைந்திருக்கும்போது ஓடுவது — பிடிக்க ஆரம்பித்துவிட்டதோ?

ஆகஸ்ட் 19

ஐந்தாவதாக வருபவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இனி ஐந்தாவது நான்.

சாப்பிடும்போது குருவி, "நான் ஃபர்ஸ்ட் வந்து என்ன? இவ ஆடி அசைஞ்சு வந்தா எல்லாம் போச்சு" என்றாள். என்னிடம் அல்ல, அப்பாவிடம். "சாப்பிடும்மா" என்றார் அப்பா. எங்களில் யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

வந்து நின்னா போதும்னு கூப்பிட்டது யாரு? நானா கேட்டேன்?

ஆகஸ்ட் 30

மேட்டில் தனியாக ஓடிப் பார்த்தேன். அடியைச் சின்னதாக வைத்தால் மூச்சு மிஞ்சுகிறது. குருவியோடு பேச்சுவார்த்தை இல்லை.

செப்டம்பர் 14

போட்டி. முதல் இரண்டு அணிகளுக்குத்தான் அடுத்த சுற்று.

துப்பாக்கி வெடித்ததும் குருவி எல்லோருக்கும் முன்னால் போய்க் கண்ணுக்கே தெரியாமல் மறைந்தாள். நான் என் பாட்டுக்கு ஓடினேன். காட்டுப் பாதை முடிகிற இடத்தில் யாரோ விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்துபோகிறாள். குருவி.

"என்னடி?"

"இழுத்துப் பிடிக்குது. நீ போக்கா."

நின்றால் இருவருமே பின்தங்குவோம். போனால் — தங்கச்சியை விட்டுட்டா போறது? "நடந்தாவது வந்து சேரு" என்று சொல்லிவிட்டுப் போனேன். தாண்டும்போது உள்ளே சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. வந்தது, வரவில்லை என்று எப்படிச் சொல்ல? அதுக்கப்புறம் அழுகையா வந்துச்சு. அழுதபடியே ஏற்றத்தில் பலரைத் தாண்டினேன்.

அணியில் நான் நான்காவது. கோட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து, ஓட்டமும் நடையுமாகக் குருவி வந்தாள். ஐந்தாவது ஆள் அவள்தான்; எங்கள் கடைசி ஆள் இன்னும் வெகு பின்னால். பாதியில் உட்கார்ந்திருந்தால் எங்கள் கணக்கு கவிழ்ந்திருக்கும். இரண்டாம் இடம், மயிரிழையில்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். 

செப்டம்பர் 17

காலையில் நான் எழுந்து வருவதற்குள் குருவி ஷூ மாட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ இன்னும் கிளம்பலையா?" என்றேன்.

"மேட்டுல நீ எப்படி அடி வைக்கிறேன்னு காட்டு" என்றாள், லேஸைப் பார்த்தபடி.