விரிப்பில் வைத்த சாவி

நம் பெகயிமின் அப்பாவுக்கு,

நேற்று மாமா, நாரின் ஊரிலுள்ள வீட்டின் சாவியை என் கையில் வைத்தார். நாம் ஞானஸ்நானம் எடுத்தபோது, கடைசி மகனான உங்களுக்கே உரிய அந்த வீட்டைத் தரமாட்டேன் என்றவர் அவர். இப்போது வீட்டோடு அவருடைய நாற்பது குதிரைகளும் உங்களுக்குத்தானாம். மாஸ்கோவிலிருந்து போனில் அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் 'ஆமீன்' சொல்லி முகத்தைக் கைகளால் தடவிக்கொண்டார்கள். பெகயிம் மட்டும் கண்மூடி, "நன்றி இயேசுவே" என்றாள்.

"உங்கப்பனே அவர விட்டுட்டான். உனக்கென்னடி?" என்றார் மாமா.

"எத்தன குதிரைக்கு விட்டாரு, தாத்தா?"

அவர் கை ஓங்கினார். நான் குறுக்கே விழுந்தேன், அடி எனக்கு.

சாவியைச் சாப்பாட்டு விரிப்பிலேயே வைத்துவிட்டு வந்தோம். என் தங்கையின் ஒற்றை அறையில் இருக்கிறோம். உங்களுக்கும் இடமிருக்கிறது, குதிரைகளுக்கு இல்லை.

இன்னும்
உங்கள் மனைவி