மறதிக்காரி மேடையேறுகிறாள்

கோயமுத்தூர்
திங்கட்கிழமை

மகன் மதன்குமாருக்கு அம்மா எழுதுவது. மாசாணியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அக்கா மகள் பிரவீனாவும் இங்கே சுகம். அங்கே நீயும் மருமகளும் பேரன் கவினும் சுகமாக இருக்க வேண்டும். இதற்கு மேல் நலம் விசாரிக்க மனமில்லை. எப்போதும் கண்ணு என்றுதான் ஆரம்பிப்பேன், இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. போனில் பேசலாமே என்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை சொல்வதற்குள் சரிம்மா வைக்கட்டுமா என்பவன் நீ. கடிதத்தில் குறுக்கே வர முடியாது.

பீளமேட்டில் ஞாயிறு சாயங்காலம் கூடுகிற பேச்சு மன்றத்துக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. பிரவீனா ஆபீஸ் மீட்டிங்கில் வாய் திறக்க முடியாமல் அழுதுகொண்டு வந்தாள், மன்றத்தில் சேர்ந்தும் வாசல் கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள், அதனால் கூடப் போய் உட்கார்ந்தேன். சும்மா இருந்தவள் கையில் மூன்று அட்டை கொடுத்தார்கள். பேசுகிறவருக்கு முதலில் பச்சை, அப்புறம் மஞ்சள், நேரம் முடிந்தால் சிவப்பு காட்ட வேண்டும், சிவப்பைப் பார்த்தால் யாராக இருந்தாலும் முடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பம்ப்செட் கம்பெனி முதலாளி கதிரேசன்கூட நான் சிவப்பைத் தூக்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார். எழுபத்தொரு வயசில் அன்றைக்குத்தான் நான் கை தூக்கி ஒருவர் பேச்சு நின்றது. அப்புறம் என்னையும் எழுப்பிவிட்டார்கள். முதல் வாரம் பெயரை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன், நாலாம் வாரம் ஒரு நிமிடம் முழுசாகப் பேசினேன். வேண்டாத சொல்லை எண்ணுகிற பெண் எழுந்து, பாட்டி முப்பத்தொரு தடவை ‘ங்க’ போட்டார்கள், குறைக்க வேண்டும் என்றாள். அது மரியாதை, குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிரவீனா போன மாசம் ஆபீசில் நாற்பது பேர் முன்னால் பேசிவிட்டு வந்தாள், அந்தப் பெருமை எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் நானும் ஐந்து நிமிடம் பேசுகிறேன் என்று பெயர் கொடுத்தேன். தலைப்பு, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றது.

மன்றத்துச் செயலாளர் வெங்கடபதி அதை நோட்டீஸ் மாதிரி செய்து போனில் அனுப்பினார். பிரவீனா அதை ஸ்டேட்டஸில் வைக்க, உன் மாமியார் பார்த்திருக்கிறார். அங்கேதான் உனக்குச் சுட்டது. நேற்று நான் போனபோது சுவரில் ஒட்டிய தாளில் என் பெயரைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். அட்டைகள் வேறு ஒருவர் கையில் இருந்தன. வெங்கடபதி என் முழங்கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, காது கேளாதவளுக்குச் சொல்வது மாதிரி, “பாட்டிம்மா, இன்னைக்கு என்ன கெழமைன்னு தெரியுதுங்களா?” என்று கேட்டார். நான், “ஞாயித்துக்கெழமைங்க. மணி அஞ்சே காலாச்சு, அஞ்சு மணிக் கூட்டத்த இன்னும் ஆரம்பிக்காம நிக்கறீங்க” என்றேன். அந்த மனுசன் முகம் சுண்டிவிட்டது. அப்புறம்தான் சொன்னார், அமெரிக்காவிலிருந்து உங்கள் மகன் கூப்பிட்டார், அம்மாவுக்கு ஞாபக மறதி, இல்லாததை எல்லாம் சொல்வார், மேடையில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் என்று. இருபத்தஞ்சு பேர் நடுவில் நான் அதைக் கேட்டேன் மதன்.

மறதியா எனக்கு? உனக்குப் பெண் பார்த்தபோது அவர்களிடம் அம்மா எஸ்எஸ்எல்சி பாஸ் என்று சொன்னாய், எனக்கு ஞாபகம் இருக்கிறது. பொள்ளாச்சி மண்டபத்தில் சம்பந்தியம்மா இங்கிலீஷ் வாழ்த்து அட்டை ஒன்றை நீட்டி, என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க என்றார். கண்ணாடி கொண்டு வரவில்லை என்றேன். கண்ணாடி என் பையிலேயே இருந்தது. நீ பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தாய், அதுவும் ஞாபகம் இருக்கிறது. உன் பொய்க்காக இருபத்திரண்டு வருசம் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பேப்பர் கிடக்கிற மேசைப் பக்கம் உட்காராமல் இருந்திருக்கிறேன். ஆறாவது படிக்க மூன்று மைல் நடக்க வேண்டும், பெண் பிள்ளையை எங்கப்பா அனுப்பவில்லை. அதில் எனக்கு என்ன அசிங்கம்? நீ ஹாஸ்டலில் இருந்த நாலு வருசமும் வாரம் ஒரு கடிதம் போட்டது இந்த ஐந்தாம் வகுப்புதான். அன்றைக்கு உனக்கு அது போதுமாக இருந்தது.

வெங்கடபதி மன்னிப்புக் கேட்டு, வருகிற ஞாயிறுக்கு என் பெயரை மறுபடி எழுதினார், ஆனாலும் உங்கள் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டுங்களா என்றார். என் பெயரை எழுத அவனைக் கேட்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் அங்கே வந்து சேரப் பத்து நாளுக்கு மேல் ஆகும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். நீ இதைப் படிக்கும்போது நான் பேசி முடித்திருப்பேன். உன் மாமியாரையும் நானே போன் செய்து அழைத்திருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறார். உன் பொய்யை நான் மேடையில் சொல்லப் போவதில்லை, என் படிப்பை மட்டும்தான் சொல்வேன். மிச்சத்தை அவர் உன்னிடம் கேட்டால் நீயே பதில் சொல்லிக்கொள்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, கவினை வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் அனுப்பாதே. உங்கள் குடும்பம் நோய் நொடி இல்லாமல் நூறு வருசம் இருக்கட்டும், அதில் எனக்குக் கோபம் இல்லை. வெங்கடபதிக்குப் போன் செய்து, அம்மாவுக்கு மறதி என்று நீ சொன்னது பொய் என்று உன் வாயால் சொல். சொன்ன பிறகு கண்ணு என்று கூப்பிடுகிறேன். கடிதத்துக்குள் ஒரு சிவப்பு அட்டை வைத்திருக்கிறேன், போன் பக்கத்தில் வைத்துக்கொள். இனி என்னைப் பற்றி யாரிடமாவது பேச வாயெடுத்தால் அதை ஒரு தரம் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மாரியாத்தாள்,
ஐந்தாம் வகுப்பு